கத்தரிப்பூ நிறக் கோட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் இந்தக் குளிரில் என்ன சொல்கிறது?

பார்சல் வந்தது. தூக்கி வந்த தபால்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "உள்ள என்னம்மா, செங்கல்லா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்த பிறகும் எனக்கு அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. விரல் ஓய்வில் இருக்கும்வரை பொழுது போக ஏதாவது அனுப்பு என்றால் யாரும் நாலு கதைப் புத்தகம் அனுப்புவார்கள். நீ பத்திரிகையில் இருந்தபோது தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த கேமராவை அனுப்பியிருக்கிறாய், அதுவும் உன் பழைய பனியனில் சுற்றி. துவைத்தாயா என்று கேட்கமாட்டேன். பதில் தெரியும்.

விரல் கதை ஒன்றும் பெரிதில்லை. இடது கை மோதிர விரல் வயலின் தந்தியைத் தொட்டதும் தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் பரம சாது. டம்ளர் பிடிக்கும், பொத்தான் போடும். கொஞ்ச நாள் வயலினைத் தொடாதே என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிந்தால் எனக்கு விரல் வலி போய்த் தலைவலி வரும்.

கேமராவைக் கையில் எடுத்ததும் ஒன்று புரிந்தது. எல்லா வேலையையும் வலது கை பார்த்துக்கொள்கிறது. இடது கை சும்மா லென்ஸைத் தாங்கினால் போதும், அதற்கு என் விரல் சண்டை போடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொத்தான், பார்க்காமலே விரல் போய் உட்காருகிறது. ஆனால் பின்னால் இருக்கிற திரை தீப்பெட்டி அளவு, எதைப் பார்த்தாலும் கலங்கின தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிகிறது. இந்தத் தடி மெமரி கார்டைச் செருக என் கணினியில் ஓட்டையும் இல்லை. எடுத்த படத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆமைத் தம்பி எழுதுவது. நாங்கள் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வானிலை அறிக்கையைவிடச் சரியாக மழையைச் சொல்கிறது. உன் விரல் இப்போது எப்படி?

படத்தை நீ பார்க்க முடியாது. நான்தான் பார்ப்பேன். அந்தக் கார்டைப் படிக்கும் கருவி என் ஸ்டூடியோவில் இருக்கிறது. இதோடு இன்னொரு கார்டு வைத்திருக்கிறேன். எடுத்து முடித்ததைக் கவரில் போட்டு அனுப்பு, நான் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். கார்டுகள் இரண்டும் ரயிலில் நமக்காக அலையட்டும். அவசரப்பட்டால் இந்தக் கேமரா ஒத்துழைக்காது. சில படம் எடுத்ததும் கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் அடுத்தது. என்னைப் போல.

தேதியை நம்பாதே. உள்ளே இருக்கிற கடிகாரத்துக்கு உயிர் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்துபோய், ஏதோ ஒரு பழைய வருஷத்தின் முதல் நாளுக்குப் போய்விடும். அதைப் பொறுத்தவரை நீ எடுக்கிற எல்லாப் படமும் அந்த ஒரே நாளில் எடுத்ததுதான்.

பத்திரிகையை விட்டு வந்தபோது இதை எடைக்குப் போடச் சொன்னவர்கள் எல்லாம் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள் தெரியுமா? போன வாரம் கல்லூரிப் பெண்கள் இருவர், "பழைய டிஜிட்டல் எதாவது இருக்காண்ணா?" என்று வந்தார்கள். கையில் இருக்கிற போனே இதைவிடப் பெரிய படம் எடுக்குமே, இது எதற்கு என்றேன். அதில் ஒருத்தி சொன்னாள்: "அதுல எடுத்தா பாத்த மாதிரியே இருக்குண்ணா. நெனச்சுப் பாக்கற மாதிரி இல்ல." இத்தனை வருஷம் எனக்கே சொல்லத் தெரியாததை அவள் சூயிங்கம் மென்றுகொண்டே சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை உங்கள் இசைக்குழுவின் கச்சேரி வானொலியில் வந்தது. அம்மா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் கையைத் தூக்கி, "இதோ, இது என் பொண்ணு. இந்த இழுப்பு அவளோடதுதான்" என்றாள். நீ ஓய்வில் இருக்கிறாய் என்று தெரிந்தும் நான் தலையை ஆட்டினேன். விரைவில் குணமாகிவிடு அக்கா, எனக்கு நடிப்பு வராது.

குழுவில் எல்லாரோடும் நீ நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம் அவளுக்கு.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

விரல் சரியாகிவிட்டது. மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். இனி நீ நிம்மதியாகத் தலையாட்டலாம்.

முதல் கார்டை அனுப்புகிறேன். எல்லாம் எங்கள் அரங்குதான். மதியத்தில், ஆள் வருவதற்கு முன்னால் எடுத்தது. மேலே ஒரு நீளமான ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக வருகிற வெயில் முதல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பின்னால் நகர்கிறது. கடைசி வரிசைக்கு வரும்போது களைத்துப் போய் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. நான் அங்கே அதற்காகக் காத்திருந்தேன். முதலில் என்ன தெரிகிறது, எதற்காக எடுக்கிறோம் என்றெல்லாம் யோசித்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டேன். கேமராவின் கனம் மடியில் இருந்தது, தூங்குகிற குழந்தையைப் போல. வெயில் வந்ததும் அழுத்தினேன். காலி அரங்கில் அந்த ஷட்டர் சத்தம் எங்கோ ஒரு கதவு சாத்தினது போலக் கேட்டது.

கடைசி வரிசையில் இருந்து இசை வேறு மாதிரி கேட்கும், தெரியுமா? மேடையில் பக்கத்து ஆளின் மூச்சுதான் கேட்கும். இங்கே எல்லாம் ஒன்றாகிவிடும். யார் வாசிக்கிறார்கள் என்றே தெரியாது. வாசிக்கிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

அம்மாவிடம் அந்தப் படம் சீக்கிரம் வரும் என்று சொல்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். விரல் செய்தி கேட்டு எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது.

பிரிண்டுகள் இதோடு இருக்கின்றன. அக்கா, நீ இதை எங்கே கற்றாய்? பொறாமையாக இருக்கிறது. அந்த நாற்காலிகளின் சிவப்பைப் பார். புதுக் கேமரா அதைத் தக்காளிச் சிவப்பாக்கி, நிழலில் இருக்கிற தூசியைக்கூட எண்ணிக் காட்டியிருக்கும். இது இருட்டை இருட்டாக விட்டுவிடுகிறது. கல்லூரிப் பெண்கள் மறுபடி வந்தார்கள், காட்டினேன். சூயிங்கம்காரி மெல்வதையே நிறுத்திவிட்டாள். "இது நிஜமா இருக்கற இடமாண்ணா?" என்றாள்.

அம்மா ஒன்றை எடுத்து வானொலிக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். "பாட்டு இங்கேர்ந்துதான் வருது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

ஒரு சந்தேகம். எல்லாம் பின்னால் இருந்து எடுத்ததாகவே இருக்கிறதே? மேடையில் நீ உட்கார்கிற இடத்தில் இருந்து ஒன்று எடுக்கக் கூடாதா? நீ எதைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறாய் என்று பார்க்க ஆசை.

முக்கியமான செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன், பயப்படாதே. ஜூன் மாதக் கடைசிக் கச்சேரிக்கு வரப்போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ரேடியோல கேட்டது போதும், கண்ணால பாக்கணும்" என்கிறாள். அவள் ஒன்று நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

உன் தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கும் உனக்கும் என் அன்பு.

அம்மா கேட்ட படம் இந்தக் கார்டில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, கச்சேரிக்கு முன்னால் எடுத்தது. பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற அம்மாள்தான் ஷட்டரை அழுத்தினார். கனம் தாங்காமல், "இது கேமராவா, கிணத்துப் பாறையா?" என்று திட்டிக்கொண்டே எடுத்தார். கொஞ்சம் சாய்ந்திருக்கும். எல்லாரும் கறுப்புக் கோட்டில் காக்கைக் கூட்டம் போல நிற்கிறோம். நான் முன் வரிசையில், இடது ஓரம்.

அம்மா இவ்வளவு தூரம் வர வேண்டுமா? ரயிலில் கால் நீட்ட முடியாது. அரங்கில் நாற்காலிகள் பார்க்கத்தான் அழகு, உட்கார்ந்தால் பலகை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நயமாகச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

அக்கா


ஏப்ரல் 4
(எழுதியது. அனுப்பவில்லை.)

அக்கா,

நலம் விசாரிக்க மனசில்லை. நீ நலமாக இல்லை.

இந்தக் கேமராவைப் பற்றி ஒன்றை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. மறந்துவிட்டேன். சிவப்புக்கு அந்தப் பக்கம், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி அதைத் தடுக்க வேண்டும். இந்த மாடலில் அந்தக் கண்ணாடி மெல்லிசு, கொஞ்சம் உள்ளே விட்டுவிடும். சில செயற்கைத் துணிகள் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அப்போது கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிற துணி படத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வரும். நல்ல கம்பளித் துணி பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் வக்கீல்கள் ஊர்வலத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, போராட்டமா, கத்தரிக்காய்க் கண்காட்சியா?" என்றார். அப்புறம் லென்ஸில் ஒரு ஃபில்டர் மாட்டினேன். அது எப்போதோ தொலைந்துவிட்டது.

உன் படத்தைத் திறந்தேன். இரண்டு வரிசையிலும் எல்லார் கோட்டும் மை போலக் கறுப்பு. ஒரே துணியில் வெட்டி ஒரே தையல்காரர் தைத்த கம்பளிக் கோட்டு என்று குழுவில் சேர்ந்த வருஷம் பெருமையாக எழுதினாயே, அதேதான். உன்னுடையது மட்டும் கத்தரிப்பூ நிறம். படத்தின் ஓரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். கையில் டார்ச். வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிறவர். அவர் கோட்டும் கத்தரிப்பூ நிறம். உன் கோட்டும் அவர் கோட்டும் ஒரே துணி.

அதற்கப்புறம் உன் கடிதங்களை மறுபடி படித்தேன். கடைசி வரிசை. பின்னால் இருந்து எடுத்த படங்கள். வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்காத இசை. நீ வாசிக்கவில்லை. விரல் சரியாகவில்லை. வெறும் வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு, இருக்கை காட்டுகிறவர்களின் கோட்டோடு அவர்கள் வரிசையில் போய் நின்றிருக்கிறாய், அம்மாவுக்காக.

எனக்கு உன்மேல் கோபம். கோபத்தைவிடப் பயம். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாயே என்று. சொன்னால் நாங்கள் உன்னை என்ன செய்துவிடுவோம் என்று நினைத்தாய்?

இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். என் கை தானாக ஒரு பொத்தானை அழுத்தியது. படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. "அம்சமா இருக்கே!" என்றாள். எல்லாரும் ஒரே கறுப்பு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் நீ அடுத்த கடிதம் எழுதமாட்டாய். அதுதான் எனக்குத் தெரியும்.


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

படம் அருமை. கலர் மை தீர்ந்துவிட்டதால் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பார்க்கிறவர்களிடம் எல்லாம், "ஓரத்துல நிக்கறா பாருங்க, எப்பவும் அப்படித்தான், முன்னால வந்து நிக்கத் தெரியாது" என்கிறாள்.

இங்கே பரீட்சைக் காலம். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வரிசை நிற்கிறது. எல்லாரும் காதைக் காட்டச் சொன்னால் பல்லைக் காட்டுகிறார்கள்.

அந்த மாடிப்படிக்குக் கீழே குளிருமா அக்கா? உன் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. வேறொன்றுமில்லை, கேட்கத் தோன்றியது.

உன் தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தாத்தா.

கறுப்பு வெள்ளை நன்றாக இருக்கிறது. சொல்லப்போனால் அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் படத்தை எடுத்த நாளில் இருந்து எனக்கு என்னவோ போல இருந்தது. உன் பிரிண்டைப் பார்த்ததும் யாரோ வேறு ஒருத்தியின் படம் போல, எப்போதோ நடந்தது போல ஆகிவிட்டது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஒரு கனவு வந்தது. அரங்கு முழுக்க ஆள். எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். யாருக்கும் தங்கள் இடம் தெரியவில்லை. நான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்கார வைக்கிறேன். உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு சுரமாக ஒலிக்கிறார்கள். கடைசியாக ஒரு நாற்காலி மிஞ்சுகிறது. அதற்கு ஆள் இல்லை. அந்தச் சுரம் இல்லாமல் எல்லாரும் காத்திருக்கிறார்கள். விழித்துவிட்டேன். பயமாக இல்லை. கேமராவைக் கொண்டுபோகாமல் போனேனே என்றுதான் தோன்றியது.

அம்மாவிடம் அடுத்த வருஷம் என்று சொன்னாயா? நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏதோ மென்று விழுங்குகிறாய்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன், முழங்காலைக் காட்டியும் பேசினேன். "கால் எனக்குத்தானே வலிக்குது, உனக்கா?" என்றாள். ஜூன் கடைசி வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அப்போது பள்ளிச் சேர்க்கைக்குப் படம் எடுக்கக் கூட்டம் வரும் என்பதால் என்னால் வர முடியாது. ரயிலில் ஏற்றிவிடுகிறேன், நீ வந்து இறக்கிக்கொள்.

கலர் மை வந்துவிட்டது. அதனால் அந்தப் படத்தைக் கலரில் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். இது உனக்கு மட்டும். அம்மா பார்க்கவில்லை.

நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது கேமராவின் கோளாறு. கம்பளியைக் கறுப்பாகவும் வேறு சில துணிகளைக் கத்தரிப்பூ நிறமாகவும் காட்டும். பத்திரிகைக் காலத்தில் இருந்தே அப்படித்தான். நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது. உனக்குப் பொருந்துகிறது.

உன் தம்பி


ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? இத்தனை நாள் எழுதாததற்கு என்ன திட்டினாலும் தகும்.

உன் கவரைப் பிரித்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கேமராவை அலமாரியில் தள்ளிப் பூட்டினேன். உன்மேல் கோபம், அதன்மேல் கோபம். மெருகேற்றாது, இருட்டை இருட்டாக விடும் என்று அதைப் புகழ்ந்தோமே, இப்போது அனுபவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சரி, கேள். விரல் சரியாகவில்லை. ஜனவரி முழுக்கக் காத்திருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள் ஒத்திகைக்குப் போனேன். மெதுவான பகுதியில் விரல் மடங்கியது. கோல் பிடித்து நடத்துகிறவர் நிறுத்தவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். கோட்டு குழுவின் சொத்து, திருப்பிக் கொடுத்தேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தியர் சொல்கிறார். யாருக்கும் தெரியாதாம். அரங்கை விட்டு வெளியே போக என் காலுக்கு வழி தெரியவில்லை. இருக்கை காட்டுகிற வேலை காலியாக இருந்தது. சேர்ந்துகொண்டேன்.

வெட்கமில்லை அதில். நம்பு. அம்மா வானொலி முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்குவாள் என்ற நினைப்புதான் என்னைக் கொன்றது. அந்தக் கை கீழே இறங்குவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. பார்க்காமல் இருக்கத்தான் பொய் சொன்னேன்.

நீ ஏப்ரலிலேயே கண்டுபிடித்துவிட்டாய், இல்லையா? மை தீரவே இல்லை. மடையா, எவ்வளவு நாள் தனியாகச் சுமந்தாய்?

போன வாரம் கேமராவை வெளியே எடுத்தேன். இருக்கை காட்டுகிற எங்களுடைய அறையில் கொக்கிகளில் மாட்டியிருக்கிற கோட்டுகளை எடுத்திருக்கிறேன். எங்களுக்கு அவை கறுப்புதான், முழங்கையில் தேய்ந்து பளபளக்கிற கறுப்பு. அதன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ சொல். ஒருவேளை அறை முழுக்கப் பூத்திருக்கும். கார்டு இதோடு இருக்கிறது.

அம்மா வரட்டும். நீ ஒன்றும் சொல்லாதே. ரயிலடியில் நானே சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 30

சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சௌகரியமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் பரவாயில்லை. கதவைப் பூட்டிவிட்டுத்தானே கடைக்குப் போகிறாய்?

ரயிலில் இருந்து நான் இறங்கினதும் உன் அக்கா என் பையைக்கூட வாங்கவில்லை. நட்ட நடு நடைமேடையில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. "நான் வயலினையா பெத்தேன்? உன்னைத்தானே பெத்தேன்?" என்று கத்திவிட்டேன். ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார். அவரையும் முறைத்தேன். உனக்கும் தெரியுமாமே. வீட்டுக்கு வந்து உன்னை வைத்துக்கொள்கிறேன்.

கச்சேரிக்குப் போனேன். வாசலில் அந்தக் கோட்டோடு நின்றிருந்தாள். எனக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. "படி இருக்கும்மா, பாத்து" என்று டார்ச் அடித்து நடுவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள். எவ்வளவு பெரிய மனிதர்கள் எல்லாம் அவள் கை காட்டின இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவோரம் தனியாக நிற்கிறாள். என்னால் உட்கார முடியவில்லை. நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். "உக்காரும்மா, கால் வலிக்கும்" என்று கிசுகிசுத்தாள். "வாயை மூடிட்டுக் கேளு" என்றேன். கடைசிவரை நின்றே கேட்டோம். இடைவேளையில் கோட்டு வாங்குகிற அம்மாள் எங்கள் இருவரையும் உன் செங்கல்லால் ஒரு படம் எடுத்தாள். கார்டு வைத்திருக்கிறேன். உன் சாமர்த்தியத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டுக் கலரில் போடு.

மறுநாள் காலையில் நான் கேட்காமலே வயலின் பெட்டியைத் திறந்தாள். தூசி தட்டினாள். என் எதிரில் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தாள். கொஞ்சம் போனதும் விரல் மடங்கிக்கொண்டது, சத்தம் உடைந்தது. என்னையே பார்த்தாள். வாசல் மணியை அடித்துவிட்டு யார் வருவார்களோ என்று நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது அவள் முகம். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நல்லா இல்லடி" என்றேன். சிரித்தாள். அப்புறம் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள், நான் தடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்து முதலில் இருந்து ஆரம்பித்தாள். அப்போதும் நன்றாக இல்லை. அதையும் சொன்னேன்.

தினமும் காலையில் இப்படித்தான் போகிறது. என் திரும்புகிற டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா